அவர்களே! அவர்களே!

சடையங்குப்பத்தில் இரண்டு நாளாக விடாத மழை. நர்மதாவின் ஷேர் ஆட்டோவில் கட்டியிருந்த ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தான் வரதன். ஏரியைத் திறந்துவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் வெள்ளம் வந்துவிடும், ஜனங்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று அதிகாரிகளிடமிருந்து அவனுக்குத்தான் போன் வந்திருந்தது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை அவனுக்கு. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். காதுகுத்து முதல் கண்டனக் கூட்டம் வரை மைக் அவன் கையில்தான் இருக்கும்.

போன மாதம் அதில் மண் விழுந்தது. குடிதண்ணீர் லாரி வரவில்லை என்று கூட்டம் போட்டார்கள். வரதன் தொண்டை கிழியப் பேசிக் கைதட்டு வாங்கி உட்கார்ந்தான். நர்மதா எழுந்து, "குடத்த தூக்கு, ரோட்டுக்கு வா" என்றாள். தெருவே எழுந்து போனது. லாரியும் வந்தது. அன்று முதல் டீக்கடையில் நர்மதா புராணம்தான். கேட்கக் கேட்க வரதனுக்கு வயிறு எரிந்தது. நேற்று கல்யாணமாகி வந்தவளுக்கு இவ்வளவு பேரா?

"அண்ணே, நான் சொல்லட்டா? சட்டுனு கெளப்பிடலாம்" என்றாள் அவள்.

"நீ வண்டிய ஓட்டுமா. பேசறதுக்கு ஆளு கீது."

மைக்கை வாயருகே கொண்டுபோனான். "வானமே இடிந்து விழுந்தாலும் கலங்காத சடையங்குப்பத்துச் சிங்கங்களே! சங்கத் தலைவர் அண்ணன் எழிலன் அவர்களே! மளிகைக்கடை அதிபர் ஆறுமுகநயினார் அவர்களே!"

ஒரு பெயர் விட்டாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் தெருத் தெருவாக 'அவர்களே' போட்டான். பிறகு இயற்கையின் சீற்றம், தமிழனின் வீரம், விழித்திரு தோழா. வாசலில் நின்றவர்கள் விசிலடித்தார்கள்.

"தலீவா, கிழிச்சிட்ட போ!" என்றான் குடை பிடித்த ஒருவன். வரதன் ஓரக்கண்ணால் நர்மதாவைப் பார்த்தான். அவள் முகம் கறுத்திருந்தது.

"அண்ணே, ஒருத்தரும் கெளம்பலயே?"

"கைதட்டுனது காதுல வுழல? பொறாமைல பேசாத."

கடைசியாக வண்டி அவன் வீட்டுத் தெருவுக்குள் இறங்கியது. அதுதான் ஊரிலேயே பள்ளம். வாசற்படி முழுகியிருந்தது. உள்ளே, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி பட்டம்மாள். கட்டில் காலைச் சுற்றித் தண்ணீர்.

"யோவ், உன் பேச்சு இங்க வரைக்கும் கேட்டுச்சு. ஜோரா இருந்துச்சு! ஆமா, இன்னாத்துக்கு மீட்டிங்கு?"

வரதன் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கட்டிலருகே போனான்.

"வெள்ளம் வருதுடி. ஊர காலி பண்ணணும்."

"அத்த சொல்லவே இல்லியேய்யா நீ!"

அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு முட்டளவு தண்ணீரில் நடந்தான். ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு மைக்கை நர்மதாவிடம் நீட்டினான். நீட்டும்போதும் விரல்கள் விட மறுத்தன. விட்டான்.

"வெள்ளம் வருது! இருட்டறதுக்குள்ள மேட்டு ஸ்கூலுக்குப் போயிடு! கேஸ மூடு, ரேஷன் கார்ட எடு! கொழந்தைங்க, நடக்க முடியாதவங்க என் வண்டில ஏறு! மத்தவங்க இப்பவே நட!"

கதவுகள் சாத்தப்பட்டன. குடை பிடித்தவன் முதல் ஆளாக மூட்டையோடு ஓடினான். வரதன் வீடு வீடாக நுழைந்து முடியாதவர்களைத் தூக்கி வந்தான். கடைசி ஆள் மேடேறியபோது வரதனின் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது.

பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும்போது சங்கத் தலைவர் எழிலன் கூப்பிட்டார். "வரதா, நாலு வார்த்த பேசுப்பா."

எல்லோரும் நர்மதாவைச் சுற்றி நின்றதைப் பார்க்க அவனுக்கு இன்னும் எரியத்தான் செய்தது. எழுந்து நின்றான். யார் பெயரையும் சொல்லவில்லை.

"நான் பேசுனேன், நீங்க கைதட்டுனீங்க, என் பொண்டாட்டி தண்ணில குந்திகினு இருந்தா. நர்மதா சொன்னா, நீங்க நடந்தீங்க. கேட்டவன் இன்னா செய்யணும்னு புரியற மாதிரி சொல்றதுதான் பேச்சு. மத்ததெல்லாம் வெறும் சத்தம்."

இந்த முறை யாரும் விசிலடிக்கவில்லை. அவன் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான்.