பாஸ்டர் வாயால் வரவேண்டிய சொல்

புதுப் பாஸ்டர் சயந்தன் ஒரு பின்நவீனத்துவவாதி என்பதில் நவரட்ணராஜாவுக்குச் சந்தேகமே இல்லை. ஆதாரம்தான் இல்லை. அந்தச் சொல்லை யூடியூப் பிரசங்கம் ஒன்றில் பிடித்திருந்தார். உண்மை என்று ஒன்றில்லை, ஆளாளுக்கு ஓர் உண்மை என்று சபைக்குள் நுழைந்து போதிக்கிற கூட்டமாம் அது. கேட்டவுடனேயே சயந்தனின் முகம்தான் அவருக்கு நினைவில் வந்தது. பெங்களூரில் படித்துவிட்டு வந்த பொடியன், வேதபாடத்தில் "இந்த வசனம் உங்களுக்கு என்ன சொல்லுது?" என்றல்லவா கேட்கிறான்! சனத்திடம் கேட்பதற்கு ஒரு பாஸ்டர் எதற்கு?

போதாக்குறைக்கு, வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தப் போகிறானாம். கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை ஜெபித்து எடுத்தால், அதிலுள்ள வசனம் அந்த வருடம் முழுக்க ஆண்டவர் உங்களுக்குத் தந்த வாக்கு. அதில் கைவைக்க இவன் யார்?

அதுவும் இந்த வருடம்! நவரட்ணராஜாவின் மனைவி பத்மாதேவிக்கு மார்பில் ஒரு கட்டி. அவள் எடுத்த அட்டையில், காயங்களை ஆற்றிச் சுகம் தருவேன் என்ற கருத்தில் ஒரு வசனம். அதை அலுமாரிக் கண்ணாடியில் செருகிவிட்டு, "ஆண்டவர் சொல்லிப்போட்டார், ஆஸ்பத்திரி தேவையில்லை" என்று இருந்துவிட்டாள். கட்டியோ பெருத்துக்கொண்டே போனது. அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாக்கைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

வியாழன் பின்னேரம் ஜெபக்கூட்டம் கெலிஓயாவில் அவர்களுடைய வீட்டில்தான். "பாஸ்டர் வாயால அப்பிடி ஒரு சொல் வந்தாக் காணும் அண்ணை, ஆளை அனுப்பிப்போடலாம்" என்று சபைக் கமிட்டித் தலைவர் துஷாந்த் சொல்லியிருந்தார். நவரட்ணராஜா போனை ரெக்கோர்டில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாஸ்டருக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சயந்தன் வழக்கமான கேள்வியைக் கேட்டான். பத்மாதேவி எழுந்துபோய் அட்டையை எடுத்து வந்தாள்.

"எனக்கு இது, கட்டி கரையும் எண்டு சொல்லுது பாஸ்டர்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சயந்தன் சொல்லவில்லை. 'இந்தா சொல்லப்போறான், அது உங்கட உண்மை எண்டு' என்று நவரட்ணராஜா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்ன கட்டி, அன்ரி?" சயந்தனின் முகம் வெளிறிப் போயிருந்தது. "டொக்டரிட்டக் காட்டேல்லையோ?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"இது உங்களுக்கு என்ன சொல்லுது எண்டு கேக்கமுதல், ஆருக்குச் சொன்னது எண்டு கேட்டிருக்க வேணும். பிழை என்னிலதான். அங்கிள், நீங்கள் சொல்லுங்கோ, இது ஆருக்குச் சொன்னது?"

அவருக்கா தெரியாது! ஞாயிறு பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு அதைப் படிப்பித்தவர். ஆனால் பத்மாதேவி அட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதென்ன கேள்வி பாஸ்டர்? வசனம் ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரிப் பேசும்தானே! அவவுக்கு அப்பிடிப் பேசியிருக்கு!" என்று சீறினார்.

வெளியே றோட்டில் கம்பளை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"இஞ்சேருங்கோ," என்றாள் பத்மாதேவி. "வசனத்துக்கு ஒரு கருத்துத்தான் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ. இது எனக்குச் சொன்னதோ?"

அவர் அட்டையை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"அந்தக் காலத்தில பாபிலோனுக்குச் சிறைபிடிச்சுக்கொண்டு போன யூத சனத்துக்குச் சொன்னது, பத்மா."

"அப்ப எனக்கு?"

"உமக்கு நாளைக்குக் காலமை ஆஸ்பத்திரி," என்றவர், அத்தனை பேருக்கு முன்னாலும் அழுதுவிட்டார்.

மறுநாள் கண்டி ஆஸ்பத்திரியில் பத்மாதேவியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வேன் பிடித்துக் கூட்டிவந்த சயந்தன் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தான். அவன்மேல் நவரட்ணராஜாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. கதவைப் பார்த்தபடி அதையும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அப்போது துஷாந்தின் அழைப்பு வந்தது.

"என்னண்ணை, அந்தச் சொல் பிடிபட்டதோ?"

"ஓம். வடிவாப் பதிவாகியிருக்கு."

"பாஸ்டர் வாயாலதானே?"

"இல்லை," என்றார் நவரட்ணராஜா. "என்ர வாயால."