விருப்பமில்லை என்று எழுதியவர்

நன்றாகப் பாடம் நடத்துகிறவரை யாராவது பயிற்சிக்கு அனுப்புவார்களா? அனுப்பிவிட்டால் அந்தப் பத்து நாளும் பள்ளிக்கூடத்தை யார் நடத்துவது? பூமிநாதன் சாரின் நியாயம் இவ்வளவுதான். தலைமையாசிரியர் நாற்காலியில் நாலைந்து வருடம் உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் இந்த நியாயம் தெரியும். வெளியில் சொல்லிக்கொள்ளத்தான் மாட்டார்கள்.

திருவேட்டக்குடிக்குப் பக்கத்தில், கடலோரக் குப்பம் ஒன்றில் இருந்தது அவருடைய அரசு நடுநிலைப்பள்ளி. எட்டு வகுப்புகள், ஏழு ஆசிரியர்கள். மழை பிடித்துக்கொண்டால் நனையாத அறைகள் ஐந்து. ஆகஸ்டு மாதம் தவறாமல் காரைக்கால் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். புதுச்சேரியில் பத்து நாள் பயிற்சி, பள்ளிக்கு ஓர் ஆசிரியரை அனுப்பிவைக்கவும் என்று இருக்கும். அதைப் படித்ததுமே பூமிநாதனுக்கு முகம் மலர்ந்துவிடும். பத்து நாளைக்கு உத்திராபதியின் தொல்லை இல்லை.

உத்திராபதி நாலாம் வகுப்பு ஆசிரியர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளைக் கண்டால் அவருக்குப் பயம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார், முதுகுக்குப் பின்னால் வகுப்பு சந்தைக்கடையாக இருக்கும். மத்தியானத்துக்கு மேல் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிடுவார். பூமிநாதன் கூப்பிட்டுத் திட்டினால் பணிவாகக் கேட்டுக்கொள்வார், மறுநாள் அதே கதை. அவர் இல்லாவிட்டால் நாலாம் வகுப்பை மூன்றாம் வகுப்போடு சேர்த்து உட்காரவைத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே எழுபத்தேழிலிருந்து எண்பத்தொன்று வரை ஐந்து வருடமும் உத்திராபதிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினார். திரும்பி வரும்போது ஒரு சான்றிதழ் கொண்டுவருவார். ஆசிரியர்கள் அவரைப் 'பட்டதாரி' என்று கேலி செய்வார்கள். அதற்கு முதலில் சிரிப்பது பூமிநாதன்தான்.

அந்தப் பள்ளியைத் தூக்கி நிறுத்தியிருந்தவர் நபீசா டீச்சர். காரைக்காலிலிருந்து காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒன்றும் இரண்டும் அவருடைய வகுப்புகள். பிள்ளைகள் எல்லாம் கரைவலை இழுக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், கருவாடு காயவைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பாடப் புத்தகத்தில் இருந்த மாம்பழத்தையும் முயலையும் அவர் ஒதுக்கிவைத்தார். நெத்திலி, சங்கரா, வாளை, மத்தி என்று அந்தப் பிள்ளைகளின் வாயில் ஏற்கனவே இருந்த சொற்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்துக் காட்டினார். முற்றத்து ஈர மணலில் விரலால் எழுதச் சொன்னார். பொங்கலுக்குள் ஒன்றாம் வகுப்பு முழுக்க எழுத்துக்கூட்டிப் படித்தது. பார்வையிட வந்த அதிகாரிகள் வாயைப் பிளந்தார்கள். 'பூமிநாதன் பள்ளி' என்று காரைக்கால் பூராவும் பெயர். ஆசிரியர் தின விழாவில் பூமிநாதனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவரும் கூச்சமில்லாமல் போர்த்திக்கொண்டார்.

சுற்றறிக்கையில் ஒரு வில்லங்கம் உண்டு. தொடக்க வகுப்பு ஆசிரியைகளுக்கு முன்னுரிமை, அனுப்பவில்லையென்றால் காரணம் எழுத வேண்டும் என்று கடைசி வரியில் இருக்கும். முதல் வருடம் பூமிநாதன் பேனாவை வைத்துக்கொண்டு சற்று யோசித்தார். நபீசா போய்விட்டால் ஒன்றாம் வகுப்பின் அறுபது பிள்ளைகளை யார் பார்ப்பது? அவரைத் தவிர யாருக்கும் அது முடியாது. ஆனால் 'எனக்கு அவர் இல்லாமல் ஓடாது' என்று ஒரு தலைமையாசிரியர் அரசாங்கத்துக்கு எழுத முடியுமா? அவர் எழுதியது இதுதான்: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக ஆசிரியைக்கு விருப்பமில்லை.'

நபீசாவை அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. முஸ்லிம் வீட்டுப் பெண், புருஷன் சிங்கப்பூரில், பத்து நாள் வெளியூரில் தங்க யார் விடுவார்கள் என்று தனக்குத்தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் கோப்பைப் புரட்டி அதே வரியைப் பார்த்து எழுதினார். அதற்கடுத்த வருடங்களில் பார்க்காமலே எழுத வந்துவிட்டது.

எண்பத்திரண்டு ஜூலையில் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. பயிற்சிகளுக்கு மதிப்பெண் உண்டு என்று அந்த வருடம் புதிதாக ஒரு விதி. பட்டியலில் உத்திராபதியின் பெயர் இருந்தது. வரிச்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர். பணியில் அவரைவிட இரண்டு வருடம் மூத்தவரான நபீசாவின் பெயர் இல்லை. ஆசிரியர்கள் அறையில் அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை.

நபீசா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் கோப்பை அவர் கையில் கொடுக்காமல் தானே படித்துச் சொல்லியிருக்கிறார். மறுநாள் பிரார்த்தனை முடிந்ததும் நேராகப் பூமிநாதனின் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், எனக்குப் பயிற்சிக்குப் போவ விருப்பமில்லைன்னு அஞ்சு தடவ எழுதியிருக்குதாம். நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லலையே சார்."

 உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பூமிநாதன் வாயிலிருந்து வந்தது வேறு. ஆபீசில் ஏதோ குளறுபடி நடந்திருக்கும், ஒரு பள்ளியின் தபாலை இன்னொரு பள்ளிக் கோப்பில் சேர்த்துவிடுகிறவர்கள்தானே, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். சொல்லும்போதே தன் குரல் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

நபீசா அதை நம்பிவிட்டார். நீங்கள் எழுதியிருப்பீர்களோ என்று ராத்திரி பூராவும் தப்பாக நினைத்துவிட்டேன், மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார். அவர் மன்னிப்புக் கேட்டதுதான் பூமிநாதனைக் கொன்றது. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சத்தம் போட்டு மறைத்திருக்கலாம்.

அதன்பிறகு அவருக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் நடமாடுவதே பெரும்பாடாகிவிட்டது. ஒன்றாம் வகுப்பு வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். ஐம்பத்தேழு வயதில் இது என்ன பிழைப்பு என்று தன்னையே நொந்துகொண்டார். நபீசாவோ எப்போதும்போல் வந்தார், எப்போதும்போல் பாடம் நடத்தினார். வாரம் ஒருமுறை, ஆபீசில் ஏதாவது சொன்னார்களா சார் என்று மட்டும் கேட்பார். இன்னும் இல்லம்மா என்பார் பூமிநாதன். ஒவ்வொரு 'இன்னும் இல்லம்மா'வுக்கும் அவர் தன் கண்ணில் இன்னும் கொஞ்சம் சிறுத்துப்போனார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை உத்திராபதி வந்தார். பள்ளி விடுகிற நேரம். சைக்கிளை நிறுத்திவிட்டு, பழைய வழக்கப்படி வாசலில் நின்று அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். ஆனால் உட்கார்ந்த விதம் பழைய உத்திராபதி இல்லை. வரிச்சிக்குடிப் பக்கத்துப் பள்ளியைப் பற்றி ஏற்கனவே பேச்சு அடிபட்டுக்கொண்டுதான் இருந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் காணாமல் போகிற பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவருகிறாராம். தினமும் ஒரு ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறாராம். குறை சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள் என்று அவர்களையே கேட்கிறாராம். பூமிநாதன் அதை நம்பாமல் சிரித்திருந்தார்.

"நீங்க என்னைய எதுக்கு அனுப்புனீங்கன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார் உத்திராபதி. குரலில் வருத்தம் இல்லை. "அங்கயும் மொத மூணு வருஷம் தூங்கிட்டுத்தான் வந்தேன். நாலாவது வருஷம் ஒரு அம்மா, நாப்பது வாத்தியாருங்க முன்னால என்னைய நிறுத்திப் பாடம் நடத்தச் சொன்னாங்க. ஒடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. அவங்க திட்டல. பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, பிள்ளைங்க மூஞ்சியப் பாருங்க, அப்பறம் பேசுங்கன்னாங்க. அந்த ஒரு வார்த்தைய எனக்கு அதுவரைக்கும் யாரும் சொல்லல சார்."

 பதினோரு வருடம் உத்திராபதி பூமிநாதனிடம் வேலை பார்த்திருக்கிறார். திட்டாத மாதம் இல்லை. ஒருமுறைகூட அவருடைய வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

உத்திராபதி வந்த காரியத்தைச் சொன்னார். ஜனவரியில் ஒரு மாதப் பயிற்சி நடக்கப்போகிறது, அடுத்த பட்டியலை அதில் தேறியவர்களை வைத்துத்தான் போடுவார்கள். நபீசா டீச்சரின் கோப்பில் ஐந்து 'விருப்பமில்லை' இருக்கும்வரை பெயரைச் சேர்க்கமாட்டார்கள். எழுதியவரே அது தவறு என்று எழுதினால்தான் நீங்கும்.

"எழுதுனது நீங்கதான்னு எனக்குத் தெரியும் சார். எண்பதுல அங்க பேர் கூப்புடறப்ப, விருப்பமில்லன்னு உங்க தலைமையாசிரியர் எழுதியிருக்காரே, உங்க பள்ளிக்கூடத்து டீச்சர் ஏன் வரலன்னு என்னையத்தான் கேட்டாங்க. வூட்டுல விடமாட்டாங்கன்னு நானும் சொல்லிட்டேன். அவங்க வந்துட்டா அடுத்த வருஷம் என்னைய அனுப்பமாட்டீங்களேன்னு பயம். எனக்கும் இதுல பங்கு உண்டு. நானும் ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துட்டேன்."

அவர் போன பிறகும் பூமிநாதன் எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. கோப்பில் பொய் எழுதினேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தால் விளக்கம் கேட்பார்கள், ஓய்வூதியத்தை நிறுத்திவைத்தாலும் வைப்பார்கள். பிரிவு உபசார விழா நடக்குமோ நடக்காதோ. இதையெல்லாம் யோசிக்கிறோமே என்பதே அவருக்கு அவமானமாக இருந்தது. தூங்குமூஞ்சி என்று தான் ஒதுக்கிய மனிதன் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். முப்பத்து மூன்று வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் இங்கே உட்கார்ந்து சால்வையை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தார். அன்றைக்கு எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டார். குடும்பச் சூழ்நிலை பற்றிய தவறான புரிதல் என்று ஒன்றில் இருந்தது. நிர்வாக நலன் கருதி என்று இன்னொன்றில் இருந்தது. கடைசியில் சுற்றி வளைக்காமல் எழுதினார்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் நபீசாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் வந்ததும் எழுந்து நின்றார். ஆசிரியைக்காகத் தலைமையாசிரியர் எழுந்து நிற்பது அந்தப் பள்ளியில் வழக்கமில்லை. நபீசா என்னவோ ஏதோ என்று பார்த்தார். பூமிநாதன் கடிதத்தை நீட்டினார்.

'1977 முதல் 1981 வரை ஆசிரியை திருமதி நபீசாவுக்குப் பயிற்சியில் விருப்பமில்லை என்று ஐந்து முறை எழுதியது நான். அவரை ஒருமுறையும் கேட்கவில்லை. அவர் இல்லாமல் பள்ளியை நடத்த எனக்குத் தெரியாது என்பதே காரணம். கடந்த ஜூலையில் அவர் நேரில் கேட்டபோது அலுவலகத் தவறு என்று பொய் சொன்னேன்.'

நபீசா நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு, உட்காரச் சொல்லாமலே, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார் பூமிநாதன். 

"என் கூடப்பொறந்த லாத்தா வூடு புதுச்சேரியில சுல்தான்பேட்டைலதான் இருக்குது" என்றார் நபீசா மெதுவாக. "என்னையப் பெத்த அத்தா ஒவ்வொரு வருஷமும் கேப்பாஹ, இந்தத் தடவையாவது ஒன்னைய அனுப்புறாஹளான்னு. நான் இல்லம்பேன். உத்திராபதி சாரையே அனுப்பறாங்க, என்னைய அனுப்பலன்னா, நான் அவ்வளவு மட்டமாவா பாடம் நடத்துறேன்னு அழுவேன் சார். அவருக்காவது கத்துக்குடுத்தா வரும், எனக்குக் கத்துக்குடுத்தும் பிரயோசனமில்லன்னு நீங்க முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்காகத்தான் அந்த மீன் பேரெல்லாம் வச்சுப் பாத்தேன், மணல்ல எழுத வச்சேன். இதையாவது பாத்துட்டு சார் அடுத்த வருஷம் அனுப்புவாருன்னு."

  பூமிநாதனுக்குச் சால்வை வாங்கித் தந்த ஒவ்வொரு எழுத்தும், தன்னை மட்டமான ஆசிரியை என்று நம்பிய ஒருத்தியின் எழுத்து. இவ்வளவு நாள் அது தன் நிர்வாகத் திறமை என்று இருந்துவிட்டார்.

வெளியே பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவுகிற சத்தம் கேட்டது. நபீசா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கடிதத்தில் தேதி விட்டுப்போயிருக்கிறது, போடுங்கள் என்றார். போட்டார். முத்திரை வேண்டும் என்றார். பூமிநாதன் முத்திரையை மையில் ஒற்றி, கோணலாகக் குத்தினார். நாளைத் தபாலில் முதல் வேலையாக அனுப்பிவிடுகிறேன் என்றார்.

"வேணாம் சார். குடுங்க, நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."

பூமிநாதன் கடிதத்தை உறைக்குள் போட்டார். வழக்கமாக ஒட்டிவிட்டுத்தான் கொடுப்பார். பசை பாட்டிலை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டு, திறந்த உறையை அப்படியே அவரிடம் கொடுத்தார். நபீசா உள்ளே தாள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.