நாலடிச் சந்தில் ஏறிய பாவல்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையில் இருந்து வந்தது. அந்தக் கட்டுரையை எழுதியதும் நான்தான். இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூனில், ஒரு ஞாயிறு பத்திரிகையில் அரைப் பக்கம். "இடமில்லையா? மேலே ஏற்றுங்கள்!" என்பது தலைப்பு. கீழே, 'மக்டலின், ஓய்வுபெற்ற ஆசிரியை, திருகோணமலை' என்று போட்டிருந்தார்கள். பூசை முடிந்து வெளியே வந்தபோது மூன்று பேர் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

அந்தக் கட்டுரையால் என் பின்வீட்டுக் குடும்பம் ஒன்று வீட்டை விட்டுப் போனது.

கதை என்று பெயர் போட்டால் ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். இது ஐந்தாவது பிரதி. நான்கு பிரதிகளில் ஒளிந்து பார்த்துவிட்டேன்.

2

முதல் பிரதி இப்படித் தொடங்கியது: 'துறைமுகத்தில் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக'

(வெட்டிவிட்டேன். எங்கள் ஒழுங்கையில் இருந்து துறைமுகம் தெரியாது. ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் முதுகுதான் தெரியும். கடலைக் காட்டினால் வாசகர் மற்றதைக் கவனிக்கமாட்டார் என்ற தந்திரம் அது.)

இரண்டாவது பிரதி: 'ஸாலிஹா ஓர் ஏழைப் பெண்.'

(இதையும் வெட்டினேன். கட்டுரையையும் இப்படித்தான் தொடங்கியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஸாலிஹா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கவும் இல்லை.)

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்: ஸாலிஹா கெட்டிக்காரி.

3

மூதூரில் பிறந்தவர். கணவர் முனீப் முந்தி ஆட்களை ஏற்றிப் போகிற மூதூர் லோஞ்சுப் படகில் வேலை செய்தவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்ட பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று திருகோணமலை ரவுணுக்கு வந்து, எங்கள் மதிலுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் நாலடி அகலத்தில் ஒரு சந்து. அதுதான் அவர்களுடைய முற்றம், தோட்டம், முனீப்பின் சில்லுக் கதிரை வெளியே போகிற வழி, எல்லாம்.

அந்த வருடம் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, சந்தைக்கு மரக்கறி வருவதில்லை. எல்லாரும் வீட்டில் பயிரிடுங்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. என் வளவில் இடமிருந்தது. நான் நாலு கத்தரிக் கன்றை நட்டுவிட்டு மறந்துபோனேன். ஸாலிஹாவுக்கு இடமே இல்லை. அவர் சுவரைப் பார்த்தார்.

சந்துப் பக்கம் இருந்த, வீட்டின் மேற்குச் சுவர் அது. பின்னேர வெயில் முழுவதும் அதில்தான் விழும். அதற்கு அந்தப் பக்கம் முனீப்பின் கட்டில். சூடான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்தச் சுவரில் கை வைக்க ஏலாது. ஸாலிஹா அதில் பதினொரு இடத்தில் துளைபோட்டு இரும்புக் கொளுக்கி இறுக்கினார். கொளுக்கிகளில் கம்புகளைக் கட்டி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும்படி பழைய மீன்வலையைத் தொங்கவிட்டார். ஒட்டினாற்போல் கட்டினால் கொடி வெந்துபோகும், இடைவெளி இருந்தால் காற்று போய்வரும் என்றார். கீழே சுவரோடு ஒரே வரிசையாக மண் நிரப்பிய உரப்பைகள். பாவல், பீர்க்கு, பயற்றை. ஏறாத பசளிக் கீரைக்கு, வெட்டிய பிளாஸ்டிக் கலன்களை வலையின் அடியில் கட்டினார்.

"சந்தில ரெண்டு தூண் நட்டுப் பந்தல் போட்டா லேசுதானே? ஏன் சுவரத் துளைக்கிறீங்கள்?" என்று ஒருநாள் மதிலுக்கு மேலால் கேட்டேன்.

"தூண் நட்டா கதிரை போகாது டீச்சர். கீழ அவங்க போகணும். மேல ஒருத்தரும் நடக்கிறதில்லயே."

முடிச்சுப் போட்டது முனீப். ஒரு கையாலும் பல்லாலும். வாய் கொஞ்சம் கோணியிருந்தாலும் பகிடி விடுவதை நிறுத்தவில்லை. "நாங்க இப்ப பாவக்காய்க்கு வலை போடுறம் டீச்சர். மீன் மாதிரி இல்ல, இது தானா ஏறி வந்து மாட்டும்."

மே முடிவில் சுவரே தெரியவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தேன். வெளியே வெயில் பொரிய, உள்ளே பச்சை நிழல். முனீப் மத்தியானத்தில் நித்திரை கொள்ளத் தொடங்கியிருந்தார். மூன்று மாதமாக அவருக்கு அது கிடைக்கவில்லை என்று ஸாலிஹா சொன்னார்.

4

இதைக் கட்டாயம் எழுதவேண்டும் என்றேன். ஸாலிஹா யோசித்தார்.

"எழுதுங்க. எனக்கும் சந்தோசம்தான். ஆனா படத்துல சுவரக் காட்டிராதீங்க டீச்சர். ஆணி ஒண்டும் அடிக்கக்கூடாதெண்டு வீட்டுக்காரர் எழுதி வாங்கி இரிக்காரு."

"காட்டமாட்டன், ஸாலிஹா. நீங்கள் பயப்படாதேங்கோ."

என் தொலைபேசியில் இரண்டு படங்கள் எடுத்தேன். ஒன்றில் ஸாலிஹாவின் கை, அதில் ஒரு பாவற்காய். மற்றதில் முழுச் சுவரும். மேல் விளிம்பில் கொளுக்கிகள், வலை, காய்கள்; கீழே கதிரையில் இருந்து முனீப் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார்.

5

இந்த இடத்தில்தான் நான்கு பிரதிகளும் பொய் சொன்னவை.

முதல் இரண்டிலும் எழுதியது: கையும் பாவற்காயும் உள்ள படத்தைத்தான் அனுப்பினேன், பத்திரிகைக்காரர் எப்படியோ மற்றதை எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

(எப்படி எடுப்பார்கள்? அது என் தொலைபேசியில் அல்லவா இருந்தது.)

மூன்றாவதிலும் நான்காவதிலும்: இரண்டையும் அனுப்பினேன், தெரிவு அவர்களுடையது.

(இது நம்பக்கூடிய பொய். ஸாலிஹாவிடம் நேரில் சொன்னதும் இதுதான்.)

நடந்தது: இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். பாவற்காய்ப் படம் யாரும் எடுக்கக்கூடியது. சுவர்ப் படம் அழகாக இருந்தது. அரைப் பக்கம் தருவார்கள் என்று தோன்றியது. சுவர்ப் படத்தை மட்டும் அனுப்பினேன். அனுப்பும்போது என் வாக்கு எனக்கு ஞாபகம் இருந்தது. மறந்துபோய் அனுப்பியதாக எழுதலாமென்றால், அது ஆறாவது பிரதியாகிவிடும்.

6

வீட்டுக்காரர் பேணாட் கொழும்பில் இருந்தவர். ஞாயிறு பத்திரிகை பார்த்தார். பெற்றோல் இல்லாத அந்த நாட்களிலும் புதன்கிழமை றெயிலில் வந்து இறங்கினார்.

(பேணாட்டைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். கதைக்கு லேசாக இருந்தது. ஆனால் அவர் சத்தம் போடவில்லை. தகப்பன் கட்டின சுவர், துளையால் ஈரம் இறங்கும் என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை.)

"ஒரு கிழமை தாறன் தங்கச்சி. எல்லாத்தையும் கழட்டி, ஓட்டையை அடைச்சுப் போடுங்கோ."

"காய் எல்லாம் பிஞ்சா இரிக்கி. ஒரு மாசம் பொறுங்களன்."

"ஏலாது."

அப்போது ஸாலிஹா மதிலுக்கு மேலால், இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நான் ஏதும் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். பேணாட்டும் நானும் ஒரே கோயில். என் சொல்லுக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும். நான் "பேப்பர்காரர்தான் அந்தப் படத்தைத் தெரிவு செய்தவங்கள்" என்றேன். கேட்காத கேள்விக்குப் பதில்.

கொடிகளை வெட்டும்போது முனீப் உள்ளேயே இருந்தார். பீர்க்கங்கொடி வலையை விடவில்லை, வலையோடு சேர்த்தே வெட்டவேண்டி வந்தது. பசளியை எனக்குத் தந்தார்கள். வாங்கிக்கொண்டேன். (வாங்கியிருக்கக்கூடாது.) அடுத்த நாள் தொடக்கம் பின்னேரங்களில் முனீப் முனகுவது மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஸாலிஹா ஈரச் சீலையைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தார். அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும்.

ஜூலை நடுவில் மகள் நப்லா வந்து இருவரையும் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரவுண் ஆஸ்பத்திரி தூரமாகிவிட்டது. அடுத்த மாசி மாதம் முனீப் மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது என்று கடையில் கேள்விப்பட்டேன்.

(வெயிலால் என்று எழுதமாட்டேன். அது எனக்குத் தெரியாது. அதனால் இல்லை என்றும் எழுத ஏலாது.)

7

இந்த வருடம் மார்ச்சில், நான்காவது பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு கிண்ணியா பஸ் ஏறினேன்.

நப்லாவின் வளவு பெரிது. பூசணி நிலத்தில் தன்பாட்டுக்குப் படர்ந்து கிடந்தது. ஒரு பந்தல் இல்லை, ஒரு வலை இல்லை.

"இங்க கொடியை மேல ஏத்தேல்லையா?" என்று கேட்டேன்.

"இங்கதான் நிலம் கிடக்கே டீச்சர். என்னத்துக்கு ஏத்த?" ஸாலிஹா கதிரையை இழுத்துப் போட்டார். "இரிங்க. தேத்தண்ணி ஊத்துறன்."

சுகம் விசாரித்தார். என் முழங்கால் நோவைக் கேட்டார். முனீப் கடைசியில் சாப்பிட மறுத்ததை, நப்லாவின் சின்ன மகள் ஊட்டினால் மட்டும் வாங்கியதை எல்லாம் சொன்னார். ஒரு இடத்திலும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

"ஸாலிஹா, உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும். அந்தப் படத்தைப் பேப்பர்காரர் தெரிவு செய்யேல்ல. நான்தான் அனுப்பினனான். அதை மட்டும்தான் அனுப்பினனான்."

ஸாலிஹா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். முகத்தில் கோபத்தைத் தேடினேன். அதிர்ச்சியையாவது தேடினேன். இரண்டும் இல்லை.

"இப்ப ஏன் டீச்சர் சொல்றீங்க?"

பிரதி இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"இதையும் எழுதப் போறீங்களா?"

8

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் ஸாலிஹா என் கையைப் பிடிக்கிறார். மற்றதில் எழும்பிப் போகச் சொல்கிறார். முதலாவதில் எனக்கு மன்னிப்பு, இரண்டாவதில் எனக்குத் தண்டனை. இரண்டும் என் ஆறுதலுக்காக நான் செய்தவை. கிழித்துவிட்டேன்.

அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொன்னேன். ஒரே ஒரு சொல். அதை எழுதமாட்டேன்.

ஓம் என்று சொல்லியிருந்தால், அவர் அறிய எழுதிய கதையை நீங்கள் வாசித்து முடித்திருக்கிறீர்கள். இல்லை என்று சொல்லியிருந்தால், நான் அவருக்குக் கொடுத்து மீறிய இரண்டாவது வாக்கும் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.