கேட்டால் கொடுக்கவேண்டிய தண்ணீர்

அன்று விடியும்போதே கிழக்கு ஒரு தினுசாகப் பழுத்திருந்தது. புழுதிக்காற்று வரும் அடையாளம் அது என்று பெரியவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டத்தை நடக்கவிட்டார்கள். ஊருக்கே வராத பந்தயம் வந்திருக்கிறது, நிறுத்த யாருக்கு மனசு வரும்? தாஸரீன் ஊரிலிருந்து மலையடிவாரக் கிணறு வரை, பகல் முழுக்கப் பாலையில் ஓடவேண்டும். முதலில் வருகிற ஒருவருக்குத் தலைநகர் ரபாத்தில் ஓட்டப் பயிற்சி. பதினேழு வயது ஸாயிதுக்கு அது கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் ஆடு மேய்ப்புதான்.

மற்றவர்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் ஓடியது ஒருத்திதான், சித்தப்பா பஸ்ஸுவின் மகள் தூதா.

"என்னடா, இப்பவே நாக்கு தள்ளுது? உன் ஆட்டுக்குட்டிய அனுப்பியிருந்தா நல்லா ஓடியிருக்கும்!"

அந்தச் சிரிப்புதான் அவனுக்குள் இருந்த சனியனைக் கிளப்பிவிட்டது.

"தூதா, தண்ணி குடு."

அவள் உடனே நின்றாள். பாலையில் தண்ணீர் கேட்டவனுக்கு அந்த மக்கள் இல்லையென்று சொல்வதில்லை. பகையாளி என்றாலும் முதலில் தண்ணீர், பிறகுதான் சண்டை. உன்னுடையது தீர்ந்துவிட்டதா என்றுகூடக் கேட்காமல் தன் தண்ணீர்ப் பையை நீட்டினாள்.

"பிஸ்மில்லா சொல்லிக் குடி. எனக்குக் கொஞ்சம் வை."

தன் முதுகுப்பையில் புட்டி நிறையத் தண்ணீர் இருக்க, அவன் முட்ட முட்டக் குடித்தான். மிச்சத்தைக் கைதவறியதுபோல் மணலில் கொட்டினான். பாவிப் பயல்!

"போனா போவுது, விடு" என்று சொல்லிவிட்டு அவள் ஓடினாள்.

உச்சிக்குப் பிறகு செர்கி என்கிற கிழக்குச் சுடுகாற்று கிளம்பியது, அடுப்பு வாயைத் திறந்துவிட்டதுபோல. வெகுநேரம் கழித்து அவளைக் கண்டான். ஒரு பாறை ஓரம் சரிந்து கிடந்தாள். கையைத் தூக்கினாள், உதடு அசைந்தது. என்ன கேட்கப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியும். காதில் விழுந்தால் கொடுத்தே தீரவேண்டும். கொடுக்க நின்றால், அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டும். விழாவிட்டால்?

இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, பாதையை விட்டு விலகி, வெகுதூரம் சுற்றி ஓடினான். மலை புழுதியில் மறைவதற்குள் கிணற்றடிக்கு வந்துவிட்டான்.

ஊரார் காத்திருந்த கூடாரத்தில் கொட்டு முழங்கியது. பஸ்ஸு அவனைக் கட்டிக்கொண்டார்.

"தூதா எங்கடா?"

"பின்னாடி வர்றா, சித்தப்பா."

"உங்கிட்ட தண்ணி கேட்டாளா?"

"கேக்கல."

பஸ்ஸுவின் முகம் தெளிந்தது. "அப்ப நல்லாத்தான் இருக்கா. தாகம்னா கேட்டிருப்பா, நீயும் குடுத்திருப்ப. எங்கயாவது ஒதுங்கியிருப்பா. காத்து அடங்கட்டும்."

தேடப் புறப்பட்டவர்களையும் உட்காரச் சொல்லி, முதல் தேநீரை ஜெயித்தவனுக்கு ஊற்றினார். ஸாயித் அதைக் குடிக்காமல் கீழே வைத்தான். இரண்டாவது தேநீர் கொதிக்கும்வரைதான் அவனால் தாங்க முடிந்தது.

"அவ கேட்டா, சித்தப்பா. நான் காதப் பொத்திக்கிட்டேன்."

யாரும் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. பஸ்ஸு தண்ணீர்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவனை வெளியே இழுத்தார்.

"எந்தப் பக்கம்? கைய நீட்டு."

புழுதியில் மலையும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை. எங்கே விலகினான், எப்படிச் சுற்றினான் என்று அவனுக்கே தெரியவில்லை. கையைத் தூக்கினான். அது ஒரு பக்கம் நீண்டது, பிறகு இன்னொரு பக்கம் திரும்பியது. பஸ்ஸு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.