வண்டி ஓட்டிய நேரம்

விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் வக்கீல் சுந்தரராஜுலு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க ஊட்டுக்காரர் அன்னிக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டுனாருங்க?"

நந்திதாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. காலையில் இருட்டோடு போனார், மறுநாள் விடியும்போது அடிபட்டுக் கிடந்தார். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மதன்குமார் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேன் ஓட்டினான். பெண்களை ஊர் ஊராகப் போய் ஏற்றி வருவதும், ஷிப்ட் முடிந்ததும் கொண்டு போய் விடுவதும் வேலை. அன்று நைட் ஷிப்ட் முடிந்த பெண்களோடு பொள்ளாச்சி ரோட்டில் வந்தவன், ஓரமாக நிறுத்தியிருந்த தேங்காய் லாரியின் பின்னால் கொண்டு போய் மோதினான். முன் சீட்டில் இருந்த பழனாத்தாள் அங்கேயே இறந்துபோனாள். மற்றவர்களுக்குக் காயம். மதனுக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டினான் என்று போலீசில் வழக்கு எழுதினார்கள். மில்லிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

"தூங்கவிடாம ஓட்ட வெச்சாங்கன்னு காட்டிட்டா, பழி பூரா அவர் தலையில விழாதுங்க" என்றார் வக்கீல். "மணிக்கணக்கு சரியாப் போட்டுக் கொண்டாங்க. குத்துமதிப்பாச் சொன்னா கோர்ட்ல நிக்காது."

நந்திதா பஸ்ஸில் வரும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று அதில் இருந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் செய்வதற்கென்று ஒரு வேலை கிடைத்திருக்கிறதே.

மதன் கட்டிலில் காலை நீட்டியபடி ஓட்டுக் கூரையைப் பார்த்துக் கிடந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அப்படித்தான். கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

"ஏனுங்க, அன்னிக்கு எத்தன மணிக்கு வண்டிய எடுத்தீங்க?"

"எதுக்கு அம்மணி?"

"வக்கீலு கேக்கறாருங்க. சொல்லுங்க."

அவன் மெல்ல மெல்லச் சொன்னான். காலை நாலரைக்கு வண்டியை எடுத்தது. பகலில் நூல் மூட்டையோடு கோயமுத்தூர் போனது. திரும்ப வந்து ஷிப்ட் ஆட்களை விட்டது. ராத்திரி ஓட்ட வேண்டிய பஷீர் வராததால், "நீயே ஒரு நடை பார்த்துக்கப்பா" என்று சூப்பர்வைசர் சொன்னது. இடையில் எங்கெங்கே உட்கார்ந்தான் என்பது நந்திதாவின் போனிலேயே இருந்தது. வண்டியை நிறுத்தினால் அவளைக் கூப்பிடுவது அவன் பழக்கம்.

அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். ரூபாய்க் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மணிக்கணக்கு மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஒன்றேகால் மணி, ஐம்பது நிமிடம், நாற்பது நிமிடம் என்று ஓய்வு நேரத்தைக் கால்குலேட்டரில் புள்ளி வைத்துக் கூட்டினால் இரண்டு மணி ஐந்து நிமிடம் என்றது. எங்கோ இடிக்கிறதே என்று நெட்டில் தேடினாள். வேலை நேரம் கணக்கிட என்றே ஒரு பக்கம் வந்தது. ஆரம்பித்த தேதி, மணி, முடிந்த தேதி, மணி, நடுவில் ஓய்வு. கட்டம் கட்டமாகக் கேட்டது. முடிந்த மணி என்ற இடத்தில் காலை ஆறு பத்து என்று போடும்போது விரல் தயங்கியது. அது மோதிய நேரம்.

பச்சைப் பொத்தானைத் தொட்டாள். ஓய்வு இரண்டே முக்கால் மணி. வேலை நேரம் இருபத்திரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம்.

"பாருங்க!" என்று போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இத்தன நேரம் எந்த மனுசனுக்குங்க கண்ணு முழிச்சிருக்கும்? இது உங்க தப்பே இல்லீங்க."

மதன் நெடுநேரம் அதைப் பார்த்தான். பிறகு போனைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். சந்தோஷப்படாவிட்டாலும் ஒரு பெருமூச்சாவது விடுவான் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வக்கீல் கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லாருக்குதுங்க. ஆனா மில்லுல, ராத்திரி வண்டிய பஷீர்தான் ஓட்டுனாரு, உங்காளு நல்லாத் தூங்கிப்போட்டுக் காலையிலதான் ஏறுனாருங்கறாங்க. அந்த பஷீர் வந்து உண்மையச் சொல்லணும்."

நந்திதா அங்கிருந்தே பஷீர் வீடு இருந்த உக்கடத்துக்கு பஸ் ஏறினாள். பஷீர் வாசலிலேயே நின்றிருந்தான். அவளைக் கண்டதும் உள்ளே கூப்பிடவும் முடியாமல், போகச் சொல்லவும் முடியாமல் தவித்தான்.

"அன்னிக்கு நீங்க வண்டியவே தொடலதானுங்கண்ணா?"

"தொடலம்மா. எனக்குக் காய்ச்சல்."

"அத வந்து கோர்ட்ல சொல்லுங்க. அது போதும்."

பஷீர் தலையைக் குனிந்துகொண்டான். "ராத்திரி நான்தான் ஓட்டுனேன்னு, மில்லுல சொன்னபடி போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன் தங்கச்சி. இப்ப மாத்திச் சொன்னா பொய் சொன்னதுக்கு என்னைய உள்ள வெப்பாங்க. வேலையும் போயிரும். மதன் எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி. ஆனா என்னால முடியாதும்மா."

அவன் அழுதான். அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் அவள் வந்த வழியெல்லாம் நினைத்திருந்தாள். அந்த அழுகையைப் பார்த்ததும் பஸ் ஏறத் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மதன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். பஷீர் சொன்னதை எப்படிச் சொல்வதென்று அவள் யோசிப்பதற்குள், "உம்பட போனக் குடு" என்றான்.

அந்தப் பக்கத்தை அவனே திறந்தான். மதியம் ஒன்று இருபது, மறுநாள் காலை ஆறு பத்து என்று தடவித் தடவிப் போட்டான். பதினாறு மணி ஐம்பது நிமிடம் என்று வந்தது.

"இது யாருதுங்க?"

"பழனாத்தாக்காவோடது. மத்தியானம் அவிங்கள ஊட்டு வாசல்ல ஏத்துனது நாந்தானே. ரெண்டு ஷிப்டு சேத்து வேல பாத்தாங்க. எப்பவும் முன்னால உக்காந்து ஏதாச்சும் பேசிட்டே வருவாங்க, நான் தூங்கிறக் கூடாதுன்னு. அன்னிக்கு ஷிப்டு முடிஞ்சு விடியக்காலம் ஏறுனதும், 'ஏன் சாமி, கண்ணு இப்படிச் செவந்து கெடக்குது? நிறுத்திப்போட்டுச் செத்த நேரம் படுத்துக்க, நாங்க இருக்கறோம்'னாங்க. நான் 'ஒண்ணுமில்லீங்க்கா, நீங்க தூங்குங்க'ன்னேன். என்னைய நம்பித் தூங்குனாங்க."

நந்திதா அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டான்.

"நேத்து நீ காட்டுனயே அந்தக் கணக்கு, அது எனக்கு வண்டியிலயே தெரியும் அம்மணி. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவிங்க இருந்திருப்பாங்க. எத்தன மணி நேரம்னு காட்டக் காட்ட, தெரிஞ்சே ஓட்டுனேன்னுதான் ஆகுது."

"அப்படிச் சொல்லாதீங்க. ஓட்ட வெச்சது மில்லுக்காரங்க."

"ஓட்டுனது நானு."

அதற்கு மேல் அவனிடம் ஒரு சொல்லும் எடுபடவில்லை. வக்கீல் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். மில் முதலாளியைத் திட்டினார், அவனையும் திட்டினார். மதன் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றான்.

ஆவணியில் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். கட்டையை ஊன்றிக்கொண்டு கூண்டில் ஏறியவனிடம், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார்.

"ஒத்துக்கறேனுங்க."

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையசைத்தான். நந்திதா பின் வரிசையில் எழுந்து நின்றாள். சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. உட்காரச் சொல்லிப் பெண் காவலர் தோளைத் தொட்டாள். ஒரு வருஷம் என்று தீர்ப்பானது. பழனாத்தாளின் மகள் சுவரோரம் நின்று கேட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

போலீஸ் வேனில் ஏற்றும்போது மதன், "மாத்திரை அலமாரியில இருக்குது, எடுத்துட்டு வந்து குடுத்திரு" என்றான். பக்கத்து வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இருந்தது அவன் குரல்.

மருந்துக்கடையில் அரைநாள்தான் லீவு சொல்லியிருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு நந்திதா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.