கழித்த தோலுக்கு முன்னால் நிற்பது எப்படி

1

இந்தக் கதை என் இடுப்பிலிருந்து வந்தது. போன மாதம் சந்தையில் சும்மா நின்றிருந்தேன். பின்னாலிருந்து ஒருவன், "இன்னா பெரியவரே, தோல் ஷாப்புல சதை எடுத்தவரா?" என்றான். நான் வாயே திறக்கவில்லை. நின்ற நிலையைப் பார்த்தே சொல்லிவிட்டான். உடனே, தோல் பதனிடும் ஷாப்பில் என்னோடு சதை எடுத்த ஜம்புலிங்கம் நினைவுக்கு வந்துவிட்டான்.

2

முதல் வரி: "பாலாற்று மணலில் துப்பாக்கி வெடித்தது." [கோடுபோட்டு அடித்துவிட்டேன். சத்தத்தைத்தான் கேட்பீர்கள், அவன் நின்றதைப் பார்க்கமாட்டீர்கள்.]

இன்னொன்று: "ஜம்புலிங்கம் பிறவியிலேயே குறி தவறாதவன், கவண்கல்லை எடுத்தால்—" பொய். அவன் கல்லெறிந்தே நான் கண்டதில்லை.

சரி, நேராகவே சொல்கிறேன். முப்பத்தொன்றாம் வருஷம், ஆம்பூர். இஷ்தியாக் அகமது சாயபுவின் கிடங்கில் தோல் களவுபோய்க்கொண்டிருந்தது. அவர் லைசென்ஸ் எடுத்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். சுடத் தெரிந்தவனுக்குக் காவல் வேலை; வெள்ளிக்கிழமை ஆற்றுமணலில் ஆட்டுத்தோலைத் தொங்கவிட்டுச் சுட்டுக் காட்ட வேண்டும். காசிநாதன் கேட்டான்; பட்டாளத்தில் பஸ்ராவரை போய்வந்தவன். ஜம்புலிங்கமும் கேட்டான், அவன் போய்வந்த இடம் சுண்ணாம்புத் தொட்டி; அதில் ஊறிய தோலை எடுத்துச் சதை நீக்குவதும் அவனே. சுண்ணாம்பு அரித்து அவன் விரல்நுனிகளில் குழி விழுந்திருந்தது. சோறு பிசைய முடியாது. அம்சவேணி உருட்டிக் கொடுப்பாள். இன்னும் ஒரு வருஷம் போனால் புருஷன் விரல் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும்.

3

நிலைகளைப் பற்றி.

காசிநாதன் இடது காலைப் பின்னே வைத்து ஒருக்களித்து நிற்பான். இடது கை இடுப்புக்குப் பின்னால், வலது கை மட்டும் நீட்டி.

"இப்டி நில்லு மச்சான். எதிராளிக்கு ஒடம்பு கம்மியா தெரியணும்."

"எதிர்ல தொங்கப்போறது ஆட்டுத்தோலு. அது திருப்பி சுடுமா இன்னா?"

ஜம்புலிங்கம் நேராக நிற்பான். இடது கால் முன்னே, முட்டி தளர்ந்து, இடுப்பு வளைந்து, துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்து. சாய்மரத்தில் தோலை விரித்து, இருபுறமும் பிடி வைத்த கத்தியால் சதையைத் தள்ளித் தள்ளி எடுப்பவனின் நிலை அது.

"ஏம்ப்பா, துப்பாக்கியால சதை எடுக்கப் போறியா?" என்று சிரித்தான் காசிநாதன்.

ஒருக்களித்தால் உடம்பு ஒடுங்கும், ஆனால் ஒற்றைக் கை காற்றுக்கு ஆடும். நேராக நின்றால் நெஞ்சு திறந்து கிடக்கும், ஆனால் குழல் அசையாது. (பட்டாளத்தார் கோபிக்க வேண்டாம். நான் பிடித்தது கத்தி மட்டும்தான்.)

4

வெள்ளிக்கிழமை ஷாப்பு லீவு. ஆற்றுமணலை அள்ளித் தேய்த்தால் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கறை கொஞ்சம் போகும், நாற்றம் போகாது. ஊற்று தோண்டிக் குளிப்போம். யாராவது ஆட்டுத்தலை வேகவைப்பார்கள். [இந்தப் பத்தி கதைக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை. இருக்கட்டும்.]

ஓட்டை விழுந்து கழித்த ஒரு தோலைக் கழியில் கட்டி, நடுவில் கரியால் வட்டம் போட்டார்கள். ஆளுக்கு மூன்று குண்டு. காசிநாதனின் இரண்டு மணலுக்குப் போயின. மூன்றாவது தோலின் ஓரத்தைக் கிழித்தது. வட்டத்துக்குள் ஒன்று போட்டால் வேலை ஜம்புலிங்கத்துக்கு, இல்லாவிட்டால் காசிநாதனுக்கு.

அவன் நின்றான். குழல் அசையவில்லை. குண்டு தோலுக்கு ஒரு முழம் கீழே புதைந்தது. இரண்டாவதும் அங்கேயே.

"பேஜாரா கீதே! கைதான் ஆடலியே, அப்புறம் இன்னாடா?" என்றான் காசிநாதன்.

ஜம்புலிங்கம் துப்பாக்கியைத் தாழ்த்தினான். "தோலாச்சே, மச்சான்."

யாரும் சிரிக்கவில்லை. கத்தி பட்டுத் தோலில் ஓட்டை விழுந்தால் கூலி பிடிப்பார்கள். இருபது வருஷமாய், அந்த நிலையில் நின்றதுமே கை தானாகத் தோலைக் காப்பாற்றப் பழகிவிட்டது. கழித்த தோல் என்று புத்திக்குத் தெரியும், கைக்குத் தெரியாது.

"சாயபு, வேற எதனா கட்டச் சொல்லுங்க. ஒரு சட்டி, ஒரு கூடை..." என்று பக்கத்தில் நின்ற சாயபுவிடம் கேட்டான் ஜம்புலிங்கம்.

"திருடன் சட்டியவா தூக்கினு ஓடுவான்? தோலைத்தானே தூக்கினு ஓடுவான்! ஒரு குண்டு கீது, சுடுப்பா."

5

ஒரு முடிவு: காசிநாதனைப்போல ஒருக்களித்து நிற்கிறான். அந்த நிலைக்குத் தோலைத் தெரியாது, கை தடுக்காது. ஆனால் தனியாக நின்று பழகாத கை, நடுங்கி—

இன்னொன்று: தன் நிலையிலேயே நின்று, இருபது வருஷத்தையும் மீறித் தோலைத் துளைக்கிறான். [எனக்கு ஆசை இதில்தான். ஆசையை நம்பிக் கதை எழுதக்கூடாது.]

காசிநாதன் விட்டுக்கொடுத்தான் என்றும் எழுதலாம். எழுதமாட்டேன். அவன் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும்.

நடந்தது எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் ஒருவன் தொட்டிக்குப் போவான், ஒருவன் கிடங்குக்குப் போவான், மற்றவர்கள் துணியை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களில் பாதிப்பேர் இன்றைக்கு மண்ணுக்குள். சொல்லாதவரை அத்தனை பேரும் அந்த மணலிலேயே நிற்கிறார்கள்.

கரையிலிருந்து அம்சவேணி கத்துகிறாள்: "எப்டியாவது நில்லுய்யா! நாளைக்குத் தொட்டில மட்டும் நிக்காத!"

ஜம்புலிங்கம் மணலிலிருந்து இடது காலைத் தூக்கிவிட்டான். அதை முன்னே வைக்கட்டுமா, காசிநாதனைப்போலப் பின்னே வைக்கட்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.