நாற்பது சிப்பிகள்

எனக்கு ஜெல்லி மீன் என்றாலே குலை நடுங்கும். கடலுயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவள் இதை யாரிடம் சொல்வது? சொல்லாமலேயே மணிலாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு, பலவான் கரையில் இருக்கும் ஆய்வு நிலையத்துக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தேன்.

கொடுத்த வேலை ஒன்றுதான். ஓடை வந்து கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஆளுயர ஆழத்தில், நாற்பது ராட்சதச் சிப்பிகளை வளர்த்தார்கள். வாரம் ஒருமுறை இறங்கி, ஒவ்வொன்றின் மேலும் நிழல் விழும்படி கையை வீச வேண்டும். உயிருள்ளது நிழல் பட்டதும் ஓட்டை மூடும். மூடியவற்றை எண்ணி எழுத வேண்டும். சிப்பி பெருகினால் மீனும் பெருகும் என்று நிலையத் தலைவர் டாக்டர் அப்ரெனிக்கா சொன்னதை நம்பி, ஒன்றரை வருடமாக ஊரார் அந்தப் பக்கம் வலை போடவில்லை. காவலுக்கு அவர்களே தேர்ந்தெடுத்தவள் லொய்தா அக்கா. அவளும் கிட்டே போய்ச் சிப்பியைத் தொடக் கூடாது. அது எங்களைப் போன்ற படித்தவர்களின் வேலையாம்.

ஆகஸ்டில் மழை கொட்டித் தீர்த்தது. தண்ணீர் சேறாகக் கலங்கியது, ஜெல்லி மீனும் வந்தது. நான் படகில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தேன். ஓடுகளின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது.

"இறங்கலையா கண்ணு?" என்றாள் லொய்தா அக்கா.

"மேலேருந்தே தெரியுதுக்கா."

"படிச்ச கண்ணு, தெரியத்தான் செய்யும். எனக்கு என் வீட்டுக்காரர் எதிர்ல வந்து நின்னாலே தெரியமாட்டேங்குது."

சிரித்துக்கொண்டே நாற்பது என்று எழுதினேன். அடுத்த வாரமும் நாற்பது. அதற்கடுத்த வாரமும் நாற்பது.

செப்டம்பரில் தண்ணீர் தெளிந்ததும் ஊர் மக்களை நிலையத்துக்கு அழைத்தார்கள். வாசலில் பெரிய பலகை: 'நாற்பதும் நலம்'. எழுதியது நான்தான். எல்லோரும் பன்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் படகுகளில் கிளம்பினோம். லொய்தா அக்காவின் மகள் நினா, கண்ணாடி அடி வைத்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்தி உள்ளே பார்த்தாள். கையை வீசினாள். மறுபடி வீசினாள்.

"அம்மா, இது மூடலையே."

"சாப்பிட்டுத் தூங்குதோ என்னமோ!" என்றார் மீனவர் பாப்லிட்டோ. படகே சிரித்தது. அடுத்த சிப்பியும் மூடவில்லை. பத்தாவதும் மூடவில்லை. சிரிப்பு நின்றது. அவரே குதித்து ஒன்றைத் தூக்கி வந்தார். வெறும் ஓடு. உள்ளே பச்சைப் பாசி. ஒரு வாரத்தில் பிடிக்கிற பாசி அல்ல அது.

டாக்டர் பாசியைப் பார்க்கவில்லை, என் கணக்குத் தாளைப் பார்த்தார். "போன வாரம் நாப்பது உயிரோட இருந்திருக்கு. யாரோ சதையை மட்டும் அறுத்துட்டுப் போயிருக்காங்க."

"எங்களைத் திருடன்னு சொல்றீங்களா டாக்டர்?" பாப்லிட்டோவின் குரல் உயர்ந்தது.

"ஒருத்தனும் கிட்ட வரல," என்றாள் லொய்தா அக்கா. "ராப்பகலா நான் கண்ணு மூடல. இந்தப் பொண்ணையே கேளுங்க. வாரா வாரம் என்கூடத்தான் வந்து எண்ணிச்சு. இது பொய் சொல்லாது. சொல்லு கண்ணு, எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு?"

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாயைத் திறந்தால் நான் போனேன். "ஆமா. போன வாரம்... நாப்பது இருந்துச்சு," என்றேன்.

"அப்ப இந்த வாரம் யாருக்குடி வித்தே?" என்று பாப்லிட்டோ லொய்தாவிடம் திரும்பினார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கரை சேர்ந்ததும் லொய்தா அக்கா, காவல்காரர் மேலே போடும் மஞ்சள் சட்டையைக் கழற்றி, மடித்து, பன்சித் தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். நினா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழந்தையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நானெல்லாம் ஒரு மனுஷியா என்று இருந்தது.

"நான் இறங்கவே இல்ல," என்றேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடி கத்திச் சொன்னேன். "மூணு வாரமா இறங்கவே இல்ல! ஜெல்லி மீனுக்குப் பயந்துட்டு, படகுலேயே உக்காந்து நாப்பதுன்னு எழுதினேன். அக்கா மேல தப்பில்ல. ஓடை வழியா மழைத் தண்ணி இறங்கி, கடல்ல உப்பு குறைஞ்சுதான் செத்திருக்கும்."

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "முதல் வாரமே சொல்லியிருந்தா, பாதியையாவது தள்ளிக் கொண்டுபோய் வச்சிருக்கலாமேம்மா."

பாப்லிட்டோ தன் வலையை எடுத்துப் படகில் போட்டார். யாரும் தடுக்கவில்லை.

லொய்தா அக்கா என்னிடம் வந்தாள். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

"படகுல நான் எவ்வளவு வாயாடுவேன்னு இந்த ஊருக்கே தெரியும்," என்றாள். "நீ எட்டிப் பார்த்து எழுதுறப்ப மட்டும் மூச்சு விடாம உக்காந்திருந்தேன். உனக்கு எண்ணிக்கை தப்பிடக் கூடாதேன்னு."